மேவிஸ் எடுத்த நாலு வரி

மேவிஸ் ஆட்லிக்கு லண்டனில், பாராளுமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வேலை. சந்தையை அதன் போக்கில் விட்டால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று அரசியல்வாதிகள் காதில் ஓதிக்கொண்டே இருக்கிற ஆராய்ச்சிக் கழகம் அது. பேராசிரியர்கள் எண்பது பக்கம் எழுதித் தள்ளுவார்கள். எந்த மந்திரி அதையெல்லாம் படிக்கிறான்? அதைப் பிழிந்து ஒரே பக்கமாக்கித் தருவது மேவிஸின் பொறுப்பு. இரண்டாம் பக்கம் என்ற பேச்சே கிடையாது. பத்தொன்பது வருஷம் செய்தாள், கெட்டிக்காரி.

எண்பதுகளின் நடுவில் பஸ் பற்றி ஒரு புத்தகம் வந்தது. பஸ்களைத் தனியாரிடம் விடுங்கள், போட்டி வந்தால் கட்டணம் குறையும் என்பது வாதம். எழுதிய க்ராடக் நியாயமான மனுஷர். மலைக்கிராமங்களுக்கு லாபம் பார்த்து எவனும் பஸ் விடமாட்டான், அங்கே அரசாங்கம்தான் பணம் ஒதுக்கி ஓட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். மேவிஸ் டைப் அடித்துப் பார்த்தாள். நாலு வரி மிஞ்சியது.

"சார், இந்தக் கிராமத்து விஷயம் இடிக்குது. அடுத்த பக்கத்துக்குப் போயிடும்," என்றாள் இயக்குநர் லெஸ்லியிடம்.

"தூக்கிடும்மா. அதான் புத்தகத்துல இருக்கே, வேணுங்கறவன் படிச்சுக்கட்டும்."

தூக்கினாள். கை கூசவில்லை. மந்திரி காரில் போகும்போது அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, சபையில் ஏறக்குறைய அப்படியே ஒப்பித்தார். அன்று கழகத்தில் ஷெர்ரி ஒயின் ஊற்றினார்கள். மேவிஸும் இரண்டு கிளாஸ் குடித்தாள், பாவி.

அவள் அக்கா ஹில்டா இருந்தது டெர்பிஷைர் மலைப்பக்கம். அவள் புருஷன் ஆர்தர் பக்கவாதம் வந்து பன்னிரண்டு மைல் தள்ளி ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினம் மத்தியானம் பஸ் ஏறிப் போய் ஊட்டிவிட்டு வருவாள். சட்டம் வந்தது, பஸ் தனியார் கைக்கு மாறியது. புதுக் கம்பெனி லாபமில்லை என்று அந்த ஊரை விட்டது. அதற்கென்று யாரும் பணம் ஒதுக்கவில்லை என்று உள்ளூர் கவுன்சில் கையை விரித்தது.

"என்னைக் கண்டாத்தான்டி அவரு வாயே தொறக்கறாரு," என்று ஹில்டா போனில் அழுதாள்.

டாக்ஸிக்கு மேவிஸ் பணம் அனுப்பினாள். வாரம் இரண்டு நாளைக்குத்தான் கட்டுப்படியானது. டாக்ஸி இல்லாத ஒரு புதன்கிழமை ஆர்தர் போய்ச் சேர்ந்தார், பக்கத்தில் யாருமில்லாமல்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் சாண்ட்விச்சும் டீயுமாகக் கலைந்தபின் அக்கா கோப்பை கழுவினாள், தங்கை துடைத்தாள்.

"நீ பெரிய இடத்துல இருக்கே. எந்தப் புண்ணியவான்டி இதை யோசிச்சான்? எங்கள மாதிரி ஆளுங்க இருக்கோம்னே அவனுக்குத் தெரியாதா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். மேவிஸால் முடியவில்லை.

"தெரியும்க்கா. எழுதியும் இருந்தாரு. நான்தான் எடுத்தேன். ஒரே பக்கத்துல அடிக்கணும், இடம் பத்தல."

ஹில்டா குழாயை மூடினாள். "எவ்வளவு இருந்துச்சு?"

"நாலு வரி."

அக்கா கடைசிக் கோப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"வரியக் கொஞ்சம் நெருக்கி அடிச்சிருக்கலாமே மேவிஸ்," என்றாள்.

அடித்திருக்கலாம்தான். அன்றைக்கு மேவிஸுக்கு அது தோன்றவே இல்லை.