ஏரோப்ளேன் கிருபைராஜ்

பேட்டையில் வந்து கிருபைராஜ் வீடு எது என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் பிடிபடாது. "ஏரோப்ளேன் கிருபையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அந்தப் பட்டப்பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தவள் நான். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிற ரீபா டீச்சர். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கிருபைராஜுக்கு ஐம்பது வயதிருக்கும். தொழிற்பேட்டைக்குப் பின்தெருவில் தகரக் கூரை போட்ட பட்டறை. எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குப் புதுக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டிக் கொடுப்பது தொழில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் எந்த மோட்டாரைக் கொண்டுபோனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இது எதச் சுத்துது?" என்பதுதான். சின்ன மோட்டாரில் பெரிய பம்பை மாட்டி எரித்துக்கொண்டு வரும் வாழைத் தோட்டக்காரர்களை, வண்டியிலிருந்து இறங்கவிடாமல் திட்டுவார். வேலை முடிந்த மோட்டாரைப் பம்போடு சேர்த்துப் பின்பக்கத் தொட்டியில் இறக்கி, அரைமணி நேரம் தண்ணீர் இறைக்க வைப்பார். அது நடக்காமல் ஒரு மோட்டாரும் பட்டறையை விட்டு வெளியே போகாது. எங்கள் கிறிஸ்தவக் கோயிலின் ஆழ்குழாய் மோட்டாரைப் பதினெட்டு வருஷமாக அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் ஸ்டெபி என் வகுப்பு.

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் ஒரு விமானம் உண்டு. தெர்மகோல் மாதிரி லேசான நுரை அட்டையில் செய்தது, ரிமோட்டில் பறக்கும். ஒருநாள் வற்றிய குளத்தில் இறக்கும்போது மூக்கு குத்தி விழுந்து, மூக்கிலுள்ள காத்தாடியைச் சுற்றும் மோட்டாரின் தண்டு வளைந்துவிட்டது. கோயிலில் அசனம் நடக்கப் பத்து நாள்தான் இருந்தது. சபையார் அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த நாளில் விமானத்திலிருந்து பூத் தூவுகிறேன் என்று கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியின் செயலாளர் இன்பமணி சாரிடம் நானாகவே போய்ப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

வேறு மோட்டார் வாங்க ஆன்லைன் கடையில் தேடினேன். பழைய மோட்டாரில் ஆயிரம் என்று போட்டிருந்தது. ஒரு வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று என்று அர்த்தம். அதே உருவம், அதே எடையில் இரண்டாயிரத்து இருநூறு என்று ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு மடங்குக்கு மேல் வேகம்! பூப்பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு ஜோராக ஏறும் என்று கணக்குப் போட்டு அதையே வாங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. இயற்பியல் டீச்சர் யாரிடம் போய்க் கேட்பாள்?

வயரை ஈயம் வைத்துப் பற்ற வைக்க மட்டும் பட்டறைக்குப் போனேன். கிருபைராஜ் அந்த மோட்டாரை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"டீச்சர், பழைய காத்தாடியத்தான் இதுல மாட்டப் போறீங்களா?"

"ஆமா. பத்து இஞ்சு. நல்லாத்தான இருக்கு?"

"சுத்து கூடிட்டுன்னா லோடும் கூடும்லா. இவ்ளோ பெரிய காத்தாடிய இது தாங்குமா?"

"அண்ணே, இது பம்பு இல்ல. இதெல்லாம் வேற கணக்கு. நீங்க வயர மட்டும் பத்த வைங்க."

அவர் மூன்று வயரையும் சுத்தமாகப் பற்ற வைத்தார். காத்தாடியை மாட்டி ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார். நேரமில்லை என்று, காத்தாடி இல்லாமலே மேசையில் வைத்துப் பத்து நொடி ஓட்டினேன். வண்டு மாதிரி ரீங்காரமிட்டது. "பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அசனத்தன்று முதல் பந்தி முடிகிற நேரம். ஐந்நூறு பேர் அண்ணாந்து பார்க்க விமானம் கிளம்பியது. தென்னை உயரத்துக்குக்கூடப் போயிருக்காது, மூக்கிலிருந்து புகை வந்தது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர், பெரிய காத்தாடியைச் சுற்ற மோட்டார் இழுத்த மின்சாரத்தைத் தாங்காமல் கருகிவிட்டது. விமானம் நேராகப் போய் எச்சில் இலைக் குவியலில் விழுந்தது. பூவெல்லாம் குழம்பில் நனைந்துபோனது. இன்பமணி சார், "என்ன டீச்சர் ஆச்சு?" என்று மைக்கை என் முன்னால் நீட்டினார்.

அந்த நேரத்தில் ஐந்நூறு முகமும் என்னைப் பார்த்துச் சிரிப்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. வாய் கூசாமல் சொன்னேன்: "நம்ம கிருபை அண்ணன் வயர மாத்திப் பத்த வச்சிட்டாரு போல!"

அந்த மூன்று வயரில் எந்த இரண்டை மாற்றினாலும் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும், அவ்வளவுதான். எரியாது. அதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். தெரிந்தேதான் சொன்னேன்.

கிருபைராஜ் சாம்பார் வாளியோடு இரண்டாவது பந்திக்கு நடுவில் நின்றிருந்தார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். "ஆமா டீச்சர், கை தவறிட்டு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றினார். சிரிப்பு என்னை விட்டு அவரிடம் போய்விட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அன்று சாயங்காலத்துக்குள் பெயர் விழுந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் கல்லறை வரைக்கும் கூட வரும். முதலில் கேலிதான். பிறகு வாழைக்காரர்களில் இரண்டொருவர் டவுனுக்கு மோட்டாரைக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். ஸ்டெபி வகுப்பில் என் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள். நான் அதைக் கவனிக்காத மாதிரி பாடம் நடத்தினேன்.

ஜனவரியில் கோயில் மோட்டார் எரிந்தது. கமிட்டியில் பேச்சு வந்ததும், "நம்ம ஏரோப்ளேன்ட்டயா குடுக்கப் போறீங்க? கெணத்துலயே புகைய விட்ருவான்லே!" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். டவுன் கடைக்கே கொடுப்பதாக இன்பமணி சார் எழுதிக்கொண்டு, "எல்லாருக்கும் சம்மதந்தான?" என்று கேட்டார். அந்தக் கமிட்டியில் நானும் ஒருத்தி. பேசு, இப்பவாவது பேசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாரோடும் சேர்ந்து கையைத் தூக்கினேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போனேன். நேரே விஷயத்துக்கு வரத் தைரியமில்லாமல், விமானத்துக்கு வேறு மோட்டார் வாங்க வேண்டும், எது வாங்கலாம் என்று கேட்டேன்.

"பழசுல என்ன நம்பர் போட்ருந்துச்சோ அதையே வாங்குங்க டீச்சர். அந்தக் காத்தாடிக்கு அதான் சரி."

"அண்ணே, அன்னைக்கு எரிஞ்சதுக்கும் உங்க வேலைக்கும் சம்பந்தமே இல்ல. மோட்டாரத் தப்பா எடுத்தது நான். நீங்க கேட்டும் கேக்காம பழைய காத்தாடிய மாட்டுனதும் நான். மைக்குல சொல்லும்போதே எனக்குத் தெரியும்."

அவர் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். "எனக்கும் தெரியும் டீச்சர்."

"பெறகு ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

ஒரு பொம்பளை நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்று நினைத்திருப்பார், அந்த மாதிரி ஏதாவது சொல்லப் போகிறார் என்றுதான் எதிர்பார்த்தேன். இத்தனை மாதமும் அவருடைய நல்ல மனசு என்று சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

"ஸ்டெபிக்குப் பிராக்டிகல் மார்க்கு நீங்கதான போடுதீங்க" என்றார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "நான் அப்படியெல்லாம் செய்வேன்னா நெனச்சீங்க?" என்று கேட்டேன். அவர் செம்புக் கம்பியைத் திரும்ப எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். என்ன சொல்வார்? நான் எப்படிப்பட்டவள் என்பதை அவர் அந்த மைக்கில் கேட்டவர்தானே.

"வார ஞாயித்துக்கெழம ஆராதன முடியவும் எந்திச்சு எல்லார் முன்னாலயும் சொல்லிருதேன் அண்ணே. கமிட்டிலயும் சொல்லுதேன்."

அவர் பதறி எழுந்தார். என்னைவிட வயதில் மூத்த மனிதர், கிரீஸ் படிந்த இரண்டு கையையும் என் முன்னால் கூப்பினார்.

"வேண்டாம் டீச்சர். பைய சொல்லிக்கிடலாம். மொதல்ல அவளுக்குப் பிராக்டிகல் முடியட்டும்."