டெல்மர் பிடித்த சங்கிலி

டெல்மர் வோன்ட்ரா பெரிய லீக்கில் ஏழு வருஷம் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். லிண்ட்ஸ்வில் ஊரில் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் டிவியில் அவர் முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள்.

அவர் வேலை அப்படி. பந்தை உதைக்கிறவர் பதினைந்து கஜம் பின்னால் நிற்பார். டெல்மர் குனிந்து, காலிடுக்கு வழியாகப் பந்தை அவர் கைக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். ஆட்டத்துக்கு எட்டுத் தடவை குனிந்தால் சம்பளம். "உன் பையனை நேத்து டிவியில பாத்தேன். பேன்ட் நல்லா தச்சிருந்தாங்க" என்று விதைக் கடையில் அவர் அப்பாவிடம் ஊரே சொல்லும். பெண் பார்க்கும் காலத்தில் தான்கூட அவரை முதுகை வைத்துத்தான் அடையாளம் கண்டதாக மனைவி ஆர்டிஸ் சொல்வாள். அவளுக்குக் கொழுப்பு அதிகம்.

முதுகு தேய்ந்ததும் டெல்மர் ஊருக்கே திரும்பி வந்து சோள விதை விற்றார். மேயருக்கு நிற்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஆட்டத்தில் சங்கிலி பிடிக்க வேண்டும்.

நாலு முயற்சிக்குள் பந்து பத்துக் கஜம் நகர்ந்ததா என்று அளக்கிற சங்கிலி அது. இரண்டு முனையிலும் கம்பு, கம்புக்கு ஓர் ஆள், எண் அட்டைக்கு ஓர் ஆள். லிண்ட்ஸ்விலில் அந்த மூவரும் மந்திரி சபை மாதிரி. ஒருவர் விலகினால் மற்ற இருவர்தான் ஆளைப் பொறுக்குவார்கள். பிடிக்கிறவர் கைதட்டக் கூடாது, எந்தக் கட்சியும் பேசக் கூடாது. பெரிய லீக் பெருமையெல்லாம் அங்கே செல்லுபடியாகவில்லை. ஆர்டிஸ் சுட்ட கொலாச்சியை, அதாவது நடுவில் பழக்கூழ் வைத்த பன்னை, டப்பா டப்பாவாகக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒன்பது வருஷம் காத்திருந்தார் மனுஷன். கடைசியில் முன் கம்பு பிடித்துக்கொண்டிருந்த கிளெட்டஸுக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்தது. டெல்மர் ஆஸ்பத்திரிக்குப் பூங்கொத்தோடு போனார். "பூவைப் பாத்தா என்னை வழியனுப்ப வந்த மாதிரி இருக்கு. போ, மத்த ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க, முன் கம்பு உனக்குத்தான்" என்றார் கிளெட்டஸ்.

அந்த சீசனின் கடைசி ஆட்டம் பக்கத்து ஊரான கார்வரோடு. பள்ளி அணிக்குப் பயிற்சியாளர் ரோலண்ட், ஆர்டிஸின் சொந்தத் தம்பி. கார்வரிடம் நாலு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தான். இந்த முறையும் தோற்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று பள்ளிக் குழு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டது. ஆட்டத்துக்கு முன்னால் அவன் வேலி ஓரமாக வந்து, "மச்சான், ஏழு வருஷம் குனிஞ்சே சம்பாதிச்சீங்க. இன்னைக்காவது நிமிந்து நில்லுங்க" என்றான். சிரித்தான்தான், ஆனால் உதடு வறண்டிருந்தது. மைதானத்து ஓரத்தில் கொலாச்சிக் கடை போட்டிருந்த ஆர்டிஸ் மீதிச் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்தாள்.

ஒரு நிமிஷம் பாக்கி. லிண்ட்ஸ்வில் நாலு புள்ளி பின்னால். எதிரணி எல்லைக்குப் பக்கத்தில், நாலாவது முயற்சியில், பந்தோடு ஓடியவன் ஆட்களுக்கு அடியில் விழுந்தான். பத்துக் கஜம் ஆயிற்றா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. நடுவர் சங்கிலியைக் கூப்பிட்டார்.

சங்கிலியைக் கொஞ்சம் இளக்கிப் பிடித்தால் போதும், முன் கம்பு கொஞ்சம் பின்னாலேயே நிற்கும். பந்து தாண்டியதாக ஆகிவிடும். இது அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். 'கடவுளே, இந்த மனுஷனுக்கு இன்னைக்கு மட்டும் கை வலிக்கட்டும்' என்று ஆர்டிஸ் வேண்டிக்கொண்டாள்.

டெல்மர் இழுத்தார். கண்ணி கண்ணியாக விறைத்து, சங்கிலி தரையை விட்டு எழும்பியது. பந்து இரண்டு விரற்கடை குறை.

ஆட்டம் போயிற்று. ரோலண்ட் அவரைக் கடந்து போகும்போது, "சரியாத்தான் இழுத்தீங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்காமல் நடந்தான். திங்கட்கிழமை அவன் வேலையும் போயிற்று.

ஆர்டிஸ் பேச்சை நிறுத்தினாள். தட்டை மேஜையில் வைக்கிற சத்தம்தான் அவள் சொல்கிற குட் மார்னிங். டெல்மர் உருளைக்கிழங்கைப் புகழ்ந்து பார்த்தார், பலிக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம், அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. பள்ளிக் குழுத் தலைவர் ஹார்லன். சமையலறைச் சுவரில் சாய்ந்தபடி டெல்மர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பயிற்சியாளர் வேலையா, எனக்கா" என்றார். ஆர்டிஸின் கை மாவிலேயே நின்றுவிட்டது. பாவி, தம்பி நாற்காலியிலேயே உட்காரப் போகிறானா?

"ஹார்லன், ரெண்டு விரக்கடை குறைஞ்சதுன்னு நான்தான் காட்டினேன். ஆனா மிச்ச தூரம் பூரா அந்தப் பசங்களைக் கூட்டிட்டுப் போனவன் ரோலண்ட். அது உங்க கண்ணுக்குத் தெரியலையா?" கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டார். "அப்படின்னா சரி. அவன் இல்லாத மைதானத்துல எனக்கும் வேலையில்ல. முன் கம்புக்கும் வேற ஆளைப் பாத்துக்கோங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆர்டிஸ் மாவுக் கையோடு எதிரே வந்து நின்றாள்.

"ஒன்பது வருஷம் அந்தக் கம்புக்காக என்னைக் கொலாச்சி சுட வெச்சியே" என்றாள்.

"ஆமா."

"அடுத்த வருஷம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க போவ?"

அதை அவர் யோசிக்கவேயில்லை போலிருக்கிறது. கண் கலங்கிவிட்டது.

முப்பது வருஷமாக அவரைக் கேலி செய்தே பழகியவள் அவள். அன்றைக்குக் கேலியை ஒதுக்கிவைத்தாள். மாவுக் கையோடு அவர் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.