ஒரே சாக்கெட்டில் நான்கு ஃபேன்

கருகிய பிளாஸ்டிக் நாற்றம் எங்கே அடித்தாலும் எனக்குப் பஞ்சநதம் முதலாளியின் முகமும், என் முகமும் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும்.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணங்களை வீடியோ எடுத்துக் கொடுக்கும் ஸ்டூடியோ அவருடையது. நான் கேமராமேன். கம்ப்யூட்டரில் படத்தை வெட்டி ஒட்டுவதும், அது படுத்துவிட்டால் எழுப்புவதும் சான்ட்ராவின் வேலை. மயிலாடுதுறைப் பெண். டிப்ளமா முடித்து மூன்று வருஷமாக எங்களோடு இருந்தாள். 2007இல் மஸ்கட்டில் அவளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது. முதலாளி கையெழுத்துப் போட்ட அனுபவக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. ஆடி முடிவதற்குள் அது வராவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார்.

தகரக் கூரைக்குக் கீழே கம்ப்யூட்டர் சூடாகி அடிக்கடி நின்றது. லீவில் வந்த முதலாளியின் மகன் சிங்கப்பூரிலிருந்து நான்கு ஃபேன் கொண்டுவந்தான். பெரிய சர்வர்களுக்குள் ஓடியவை. சத்தத்தில் அரிசி மில் தோற்றது. சான்ட்ரா லேபிளைப் படித்தாள். ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மதர்போர்டில் ஃபேனுக்கென்று இருக்கும் சின்ன சாக்கெட் ஒரு ஆம்பியர்தான் தாங்கும். கரண்டை நேராக கம்ப்யூட்டருக்கே பவர் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும், ஒரு கனெக்டருக்கு இரண்டு ஃபேன், நடுவில் ஃபியூஸ். வேகத்தைச் சொல்லும் ஒற்றை வயர் மட்டும் போர்டுக்குப் போனால் போதும் என்றாள். கனெக்டர் வாங்கி வர ஒரு நாள் கேட்டாள்.

பஞ்சநதம், பம்ப்செட்டில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று ஃபியூஸ் கட்டையில் தடித்த செப்புக் கம்பியைக் கட்டி வைத்திருந்த மனிதர். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். மோட்டார் எரிந்தால் கரண்டைத் திட்டுவார்கள். சான்ட்ரா சாப்பிடப் போயிருந்தபோது, நான்கு ஃபேனின் வயர்களையும் சீவி, ஒன்றாக முறுக்கி, அந்த ஒரே சாக்கெட்டில் செருகினார். டார்ச் பிடித்தது நான். பத்து நிமிஷத்தில் வெள்ளை சாக்கெட் பழுப்பாகி ஓரத்தில் உருகியது. போர்டு செத்தது.

வாரண்டி இருந்தது. ஆனால் கருகிய தடம் தெரிந்தால் டீலர் மாற்றித் தரமாட்டார். தடம் தெரியாமல் சுரண்டிக் கொடு, கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சான்ட்ராவிடம் கூசாமல் சொன்னார் முதலாளி. அவள் போர்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு பிளேடை எடுத்தாள். சுரண்டி முடித்துக் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. டார்ச் பிடித்தவனுக்கு அது ஒரு கேடு.

டீலர் நம்பிவிட்டார். பத்து நாளில் புது போர்டு வந்தது. பஞ்சநதம் கடிதத்தை மேசையில் வைத்துப் பேனா மூடியைத் திறந்தார். மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நான்கு ஃபேனையும் அவள் பக்கம் தள்ளினார்.

"பழையபடியே மாட்டிடும்மா. அது ஏதோ சொத்த போர்டு. இது புதுசு, தாங்கும்."

கனெக்டர் பையிலேயே இருக்கிறது, அரைமணி நேரம் போதும் என்றாள் அவள். அவர் கேட்கவில்லை. அவள் சொன்னபடி மாட்டினால் முதலில் தான் மாட்டியது தப்பென்று ஆகிவிடுமே. மாட்டினால்தான் கையெழுத்து என்றார்.

சான்ட்ரா கடிதத்தை எடுத்து முழுக்கப் படித்தாள். மூன்று வருடங்களாக ஸ்டூடியோவின் கணினிகள் அனைத்தையும் இவரே பராமரித்தார் என்று அதில் இருந்தது.

"எல்லாம் நான் பாத்த வேலைன்னு போட்டிருக்கீங்க சார். இப்படி மாட்டினா இதுவும் என் வேலைன்னு ஆயிடும். எனக்கு வேணாங்க."

கடிதத்தை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். மஸ்கட் வேலை போயிற்று. இப்போது மயிலாடுதுறையில் ஒற்றை மேசை போட்டு சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

அன்று அவள் படியிறங்கியதும் பஞ்சநதம் என்னைப் பார்த்தார். துபாய் போக எனக்கும் ஒரு கடிதம் வேண்டியிருந்தது. நான் ஃபேன்களின் கருகிய வயர் நுனிகளைச் சீவ ஆரம்பித்தேன்.