மாப்பிள்ளை கேமராவும் மாமனார் கேமராவும்

கல்யாணப் படம் எடுக்கும் தொழிலில் கண் கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது, காது கொஞ்சம் மந்தமாகவும் இருக்க வேண்டும். கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு பிழைக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பீடோங்கில் நானும் நசீர் அண்ணனும் கூட்டாக ஸ்டூடியோ நடத்துகிறோம். பழைய கேமரா ஒரு சடங்கு வீட்டில் உயிரை விட்டதும், இனி மீடியம் ஃபார்மட் டிஜிட்டல்தான் என்று முடிவு செய்தோம். உள்ளே சென்சார் பெரியது. படமும் பெரிதாக வரும், நிறமும் நுணுக்கமாக விழும். பினாங்கு வியாபாரி ஒருவர் இரண்டு போட்டிக் கம்பெனிகளின் கேமராக்களைக் கொடுத்து, "ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க, ஒண்ண வச்சுக்கிட்டு ஒண்ணத் திருப்பிக் குடுங்க" என்றார். கம்பெனிப் பெயரைச் சொன்னால் வம்பு. ஒன்று சட்டென்று ஃபோகஸ் பிடிக்கும், முகத்தைத் தானே தேடிக்கொள்ளும், எல்லாரையும் ஒரு சுற்று அழகாக்கிக் காட்டும். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். மற்றது ஆடி அசைந்துதான் வேலைக்கு வரும், ஆனால் உள்ளதை உள்ளபடி காட்டும். அது மாமனார்.

அண்ணன் மாப்பிள்ளை கட்சி, நான் மாமனார் கட்சி. "ஒத்து வரலன்னா ஆளுக்கொரு கேமரா, ஆளுக்கொரு கடை" என்று ஒரு நாள் அண்ணன் சொல்லிவிட்டார். விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கடை உடைந்துவிடுமோ என்ற கவலையோடுதான் அந்த மாதம் முழுவதும் படம் எடுத்தேன்.

சரோஜா அக்காவின் கழுத்து

குருணில் ஒரு நிச்சயதார்த்தம். பெண்ணின் அம்மா சரோஜா அக்கா தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கடைக்குப் படம் பார்க்க வந்தார். மாப்பிள்ளை எடுத்த படம் அவரைத் தேத்தண்ணியில் பால் கூடிப்போன நிறத்தில் காட்டியது. அக்கா முகம் மலர்ந்தது. அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. "இதுதான்கா உண்மையான நிறம்" என்று மாமனார் எடுத்த படத்தைத் திறந்து, இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன். பவுடர் எங்கே முடிகிறது, கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று எல்லை போட்ட மாதிரி தெரிந்தது. தாடையில் இரண்டு முடி வேறு. நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். அண்ணன் மேஜைக்குக் கீழே எதையோ தேடுகிற சாக்கில் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னார்: "தங்கச்சி, நான் போட்டோ எடுக்கத்தான் சொன்னேன், ஸ்கேன் எடுக்கச் சொல்லல லா."

ஒரு அரிசி

பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம். கெட்டிமேளம் முழங்கியது, நான் மாமனாரை உயர்த்தினேன். மாமனார் ஃபோகஸைத் தேடி முன்னே போனார், பின்னே வந்தார், யோசித்தார். அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. கடைசியில் ஒரே ஒரு படம் கிடைத்தது. அதில் அந்தரத்தில் ஒரு அட்சதை அரிசி. அதன் மஞ்சளைப் போல ஒரு மஞ்சளை நான் எந்தக் கேமராவிலும் பார்த்ததில்லை. அதற்குப் பின்னால் கல்யாணப் பையன், பெண், குருக்கள் எல்லாரும் பனிமூட்டம்.

நல்ல வேளையாக அந்தப் பக்கம் நின்ற நசீர் அண்ணன் எடுத்துவிட்டார். ஆனால் அவர் தயவில் பிழைப்பதா என்ற வீம்பில், தாலியில் கை வைத்த மாதிரி இன்னொரு தடவை நில்லுங்கள் என்று கேட்டேன். கல்யாணப் பையன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்: "அக்கா, நானே இப்பதான் தைரியம் வந்து கட்டியிருக்கேன், மறுபடியும்லாம் முடியாது."

முனியாண்டி முந்திக்கொண்டார்

மாப்பிள்ளை கேமரா மட்டும் என்ன யோக்கியம்? அதே மணமக்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குக் கும்பிடப் போனார்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியைப் போட்டுவிட்டு, அண்ணன் ஸ்டைலாக ஒரு கையால் படமாகத் தட்டித் தள்ளினார். கூட்டத்தில் பெரிய கண் யாருக்கு? சிலைக்குத்தான். எடுத்த படம் அத்தனையிலும் முனியாண்டியின் மீசை, அரிவாள், விழி எல்லாம் பளிச்சென்று இருந்தன. முன்னால் நின்ற ஜோடி மட்டும் கலங்கல். இன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் போனார் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன், வெட்கம்தான். பெண்ணின் அப்பா திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்: "சாமி நல்லா விழுந்திருக்கு தம்பி, அத பெருசா போட்டுக் குடு. இதுங்கள வீட்டுலயே பாத்துக்கலாம்."

மயில் நீலம்

மாதக் கடைசியில் மெர்போக்கில் விருந்து. இரு வீட்டாரும் மயில் நீலத்தில்தான் உடுத்த வேண்டும் என்று மணப்பெண் கவிதாவின் அம்மா பொன்னி அக்கா சொல்லியிருந்தார். மண்டபத்து விளக்கில் எல்லாம் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது. மாப்பிள்ளை எடுத்த படத்திலும் அப்படியே. மாமனார் மட்டும் பையன் வீட்டு அத்தை காமாட்சியின் சேலையைப் பச்சையாகக் காட்டிவிட்டார்.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க எல்லாரும் கடைக்கு வந்தார்கள். இரண்டு திரையிலும் ஒரே காட்சி. "நான் அப்பவே சொன்னேன், இவங்க வேற துணி எடுத்துட்டாங்கன்னு" என்றார் பொன்னி அக்கா. "ரெண்டு வீட்டுத் துணியும் சாமா லா, ஒரே கலருதான்! உங்க கேமராவுக்குத்தான் கண்ணு சரியில்ல" என்றார் அத்தை. "மாமனார் பொய் சொல்லாது" என்று நான் பொன்னி அக்கா பக்கம் நின்றேன். "கல்யாண வீட்டுக்கு எதுக்கு உண்மை?" என்று நசீர் அண்ணன் அத்தை பக்கம் போனார். சேலையில் ஆரம்பித்தது சீர்வரிசைக்குப் போனது. "இன்னையோட கடைய பிரிச்சுக்கலாம்" என்று அண்ணன் கத்தினார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அப்போது தெரிந்தது.

அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த கவிதா எழுந்து வந்து இரண்டு திரையையும் அணைத்தாள்: "எனக்கு ரெண்டு பக்கமும் வேணும் அண்ணே. எல்லாத்தையும் கறுப்பு வெள்ளையில போடுங்க."

முதலில் அத்தைதான் சிரித்தார். எல்லாரும் போன பிறகு, "மாப்பிள்ளையே இருக்கட்டும் அண்ணே" என்றேன். "இல்லம்மா, உன் மாமனாரே இருக்கட்டும்" என்றார் அவர். அதற்கும் ஒரு சண்டை போட்டு, கடைசியில் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டோம்.

கடை இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது. எந்தக் கேமராவில் நிறம் சரியாக விழும் என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டில் எத்தனை அத்தை என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் திருப்பிக் கேட்கிறோம்.