பச்சை லைனிங் வைத்த கோட்டு

அந்த வதந்தியைக் கிளப்பியவன் நான்தான். இதை எழுதி வைக்காவிட்டால், கண்டியில் மிச்சமிருக்கிற பழைய ஆட்கள் இன்னும் ரயில்வே டிக்கெட் கிளார்க்கின் தலையில்தான் பழியைப் போடுவார்கள். பாவம், அந்த மனுஷன் சொன்னது ஒன்றிரண்டு வார்த்தை. மீதி முழுக்க என் வாயிலிருந்து வந்தது.

முப்பதுகளின் தொடக்கம் அது. கொழும்பு வீதியில் எனக்கு ஒரு தையல்கடை. எங்கள் தெருவுக்கென்று ஓர் உதைபந்து கிளப் இருந்தது. பகலில் துணிக்கடையிலும் மசாலாக் கடையிலும் நிற்கிற இளந்தாரிகள்தான் அதில் ஆடினார்கள். சிவப்பு ஜேர்சி, நான் தைத்தது. மெனேஜர், என் கடைக்கு நாலு கடை தள்ளிக் குடைக்கடை வைத்திருந்த நல்ல உயரமான நானா; நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். அவர் தன் வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூட உதைத்தவரில்லை. ஆனால் ஓர் ஆட்டத்தைப் பார்த்தால் எவன் எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். உடைந்த குடைக்குக் கம்பி மாட்டிக்கொண்டே ஆட்டக்காரனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இவ்வளவு ஓடாத. இங்கன நில்லு, பந்து ஒன்னயத் தேடி வரும்" என்பார். வரும் ஐயா, உண்மையாகவே வரும்!

மைதானத்தில் சனம் போடுகிற கூச்சலில் யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. அதனால் அவர் குடையால் பேசுவார். மடித்த குடையைத் தூக்கினால் எல்லோரும் முன்னால் ஏற வேண்டும். விரித்தால் எல்லோரும் பின்னுக்கு வந்து கோலைக் காக்க வேண்டும். ஒருமுறை மழை கொட்டோ கொட்டென்று கொட்ட, குடைக்கடைக்காரர் கையில் குடையை வைத்துக்கொண்டே தொப்பலாக நனைந்து நின்றார். விரித்தால் ஆட்டக்காரர்கள் பின்னுக்கு ஓடி வந்துவிடுவார்களே!

அவர் வருமுன் எங்கள் டீம் பந்தைக் கண்டால் ஒளிகிற டீம். அவர் வந்த மூன்றாம் வருஷம் ஃபைனலுக்கே போய்விட்டோம். எதிரில் நாவலப்பிட்டி, பச்சை ஜேர்சிக்காரர்கள். அவர்களிடம் ஒரு ஃபுல் பேக் இருந்தான். நெடுநெடுவென்று வளர்ந்த ரயில்வே ஃபிட்டர், எங்கள் ஆட்களில் ஒருவன்தான், முஸ்லிம் பையன். எங்கள் சென்டர் ஃபோர்வர்டைப் புல்லில் உருட்டி எடுப்பதே அவனுக்குப் பொழுதுபோக்கு. அவன் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஃபைனலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மெனேஜர் ஒரு பார்சலோடு என் கடைக்கு வந்தார். உள்ளே நல்ல கறுப்பு அல்பாக்கா துணி.

"ஒரு கோட்டு தம்பி. என்ட அளவுக்கே வெட்டுங்க. நெஞ்ச மட்டும் ஒரு இஞ்சு கூட்டுங்க, இடுப்ப ரெண்டு இஞ்சு கொறைங்க."

"கொறைச்சா பட்டன் போட ஏலாதே நானா?"

"நீங்க வெட்டுங்களே. லைனிங் பச்சைப் பட்டுல வைங்க. ஆருட்டயும் மூச்சு உடாதீங்க."

பச்சை! சிவப்பு டீமின் மெனேஜர் பச்சைப் பட்டுக் கேட்கிறார்! நான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். எங்கள் பள்ளிவாசல் கொடியும் பச்சைதான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. எனக்கு எங்கே பார்த்தாலும் நாவலப்பிட்டிதான் தெரிந்தது.

வாயை அடக்கிக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். நாலாம் நாள் தேத்தண்ணிக் கடையில் டிக்கெட் கிளார்க் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாழ்ப்பாணத்து மனுஷர், எங்கள் டீம் ஆடும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டே நிற்பவர். சும்மா பேச்சுவாக்கில், "உங்கட மெனேஜருக்கு நாவலப்பிட்டியில என்ன அலுவல்?" என்று கேட்டார். "இந்த மாதம் நாலு தரம் போய் வந்திட்டார். நான்தான் டிக்கெட் குடுத்தனான்."

"நாலு தரமா?"

"ஓம், நாலு தரம்."

முடிந்தது. என் நாக்கை அதற்குமேல் யார் பிடித்து வைப்பது? "அவரு அங்க மெனேஜராப் போகப் போறாரு! என்ட கைல ஆதாரம் ஈக்கி! பச்சை லைனிங் வெச்சுக் கோட்டு தைக்கச் சொல்லியிருக்காரு!" என்று எழுந்து நின்று கத்தினேன். தேத்தண்ணிக் கடையில் அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒருவர் பிளேன் டீயை வேட்டியில் ஊற்றிக்கொண்டார். அளவு எடுக்க வந்தவன் உடம்பைப் பற்றியும் துணியைப் பற்றியும் தையல்காரன் வெளியே பேசுவதில்லை. எனக்கு வேலை பழக்கியவர் முதல் நாளே சொன்னது அது. அன்றைக்கு எனக்கு அது ஞாபகம் வரவேயில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

அடுத்த நாள் பின்னேரத்துக்குள் கதை மலைமேல் இருக்கிற ஹேவாஹெட்ட வரை ஏறி இறங்கிவிட்டது. தோட்டத்து லொறி ஓட்டுகிற எங்கள் ரசிகர் ஒருவர் லொறியைக் கடை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"என்னா நானா, நெசமா? அவருக்கு அங்க பங்களாவே குடுக்கிறாங்களாம்ல? நாங்க இனி யாருக்காகக் கத்துறது? மலையில இருந்து அம்பது பேரு வாரோம், அவரப் போக விடமாட்டோம்!"

பங்களா! நான் சொன்னது கோட்டு மட்டும். ஆனாலும் அந்தப் பங்களாவை நானும் நம்பிவிட்டேன். ஃபைனலுக்கு முன்னால் அவர் போனால் எங்கள் கதை அவ்வளவுதான். யாருக்கு இடது கால் சரியில்லை, யார் ஹாஃப் டைமுக்குப் பிறகு மூச்சு வாங்குவான் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். அதை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தால்? எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. இருந்தும் கோட்டைத் தைத்துத்தான் கொடுத்தேன். கோபத்தில் தைத்தாலும் கோணலாகத் தைக்க என் கைக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஒரு கூட்டமே குடைக்கடை முன்னால் திரண்டுவிட்டது. சிவப்புத் துணியைத் தலையில் கட்டியவர்கள், ஹேவாஹெட்டயிலிருந்து வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்த போலீஸ்காரர் ஒருவர். "போகாதீங்க! போகாதீங்க!" என்று ஒரு பக்கம். "போறதெண்டா இப்பவே போங்க!" என்று இன்னொரு பக்கம்.

மெனேஜர் வாசலுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மெச் முடியட்டும். அதுக்குப் பொறகு எல்லாம் சொல்றன்."

"இப்பவே சொல்லுங்க! நாவலப்பிட்டிக்குப் போனீங்களா இல்லையா?"

"போனன்."

"என்னத்துக்கு?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். கூட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனவன் நான். "ஒரு பச்சைக் கோட்டுக்கு எங்கள வித்துப் போட்டீங்களே! வெக்கமா இல்லயா ஒங்களுக்கு!" என்று அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். கோட்டு விஷயம் யார் வாயிலிருந்து போனதென்று அந்த நிமிஷம் அவருக்கு விளங்கியிருக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை, போகம்பரை மைதானம். நாவலப்பிட்டி ரயில் வந்து நின்றதும் பச்சைக் கொடிகளோடு ஒரு சேனையே இறங்கியது. எங்கள் மெனேஜர் வருவாரா மாட்டாரா என்று நான் மைதான வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தார். ஒரு கையில் குடை, கக்கத்தில் ஒரு பார்சல். பார்சலைச் சுற்றியிருந்த தாள் என் கடைத் தாள். எங்கள் பக்கத்துச் சனமே அவருக்கு ஊளையிட்டது. அவர் எப்போதும் நிற்கிற எல்லைக்கோட்டு ஓரத்தில் போய் நின்றார்.

ஹாஃப் டைம் வரை கோல் இல்லை. அந்த நெட்டை ஃபுல் பேக் எங்கள் ஆட்கள் கொண்டு போன பந்தையெல்லாம் தலையாலும் காலாலும் தட்டி அனுப்பினான். பிறகு குடை மேலே போனது. எங்கள் ஆட்கள் மொத்தமாக ஏறினார்கள். வலது பக்கத்திலிருந்து வந்த பந்து ஃபுல் பேக்கைத் தாண்டி ஒரு கணம் சும்மா கிடந்தது. எங்கள் சென்டர் ஃபோர்வர்ட் விட்டான் பாருங்கள் ஓர் உதை! கோல்! யா அல்லாஹ், நான் போட்ட கூச்சலில் அடுத்த இரண்டு நாள் எனக்குக் குரலே வரவில்லை. போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்தேன். டிக்கெட் கிளார்க் தொப்பியை மேலே எறிந்தார், அது திரும்பி வரவேயில்லை.

உடனே மெனேஜர் குடையை விரித்தார். இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது, இப்போதே பின்னுக்கு வரச் சொல்கிறார்! "பாத்தீங்களா! மெச்சைத் தூக்கிக் குடுக்கிறாரு!" என்று நான்தான் கத்தினேன். அந்த இருபது நிமிஷமும் பச்சைக்காரர்கள் வந்து வந்து மோதினார்கள். எங்கள் கோல் வாசலில் பதினொரு பேரும் நின்றார்கள். ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. ரெஃபரி விசில் ஊதினார். ஜெயித்துவிட்டோம்!

சனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. மெனேஜரைத் தூக்குவதா திட்டுவதா என்று தெரியாமல் அவரைச் சுற்றி நின்றோம். அவர் குடையை மடக்கிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்ற ஒரு வயசான மனுஷரைப் பார்த்தார். நாவலப்பிட்டியிலிருந்து வந்தவர். அவர் சரி என்று தலையாட்டினார். மெனேஜர் பார்சலைப் பிரித்து என் கோட்டை வெளியே எடுத்தார். சேறு பூசிக்கொண்டு நின்ற அந்த ஃபுல் பேக்கைக் கூப்பிட்டு, அவன் தோளில் போட்டார். அவன் கையை நுழைத்தான், பட்டனைப் போட்டான். கச்சிதமாக இருந்தது.

"இது என்ட மூத்த மகளுக்குப் பேசின மாப்பிள" என்றார் மெனேஜர். "மெச் முடியிற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுண்டு ரெண்டு ஊட்டிலயும் பேச்சு. அதுக்குத்தான் நாவலப்பிட்டிக்குப் போனன்."

கல்யாணப் பேச்சு வெளியே வருமுன் மாப்பிள்ளையைத் தையல்கடைக்குக் கூட்டி வர மாட்டார்கள். அவன் உயரத்தில் ஓர் ஆளைப் பிடித்து அந்த அளவில் கோட்டு வெட்டச் சொல்வதுதான் எங்கள் தெருவில் வழக்கம். அப்படி எத்தனை கோட்டு வெட்டியிருக்கிறேன் நான்! நெஞ்சைக் கூட்டு, இடுப்பைக் குறை என்றால் ஓர் இளந்தாரிக்கு என்று எந்த மடையனுக்கும் விளங்கியிருக்கும்.

வயசானவர், மாப்பிள்ளையின் வாப்பா, முன்னால் வந்தார். நேற்றைய கூத்தெல்லாம் அவர் காதுக்குப் போயிருந்தது.

"ஒரு மனுஷன் போயிருவான்டு இவ்வளவு பேரு பைத்தியம் புடிச்சுத் திரியிறாங்கண்டா, அந்த ஊட்டுல சம்பந்தம் வைக்கலாம்" என்றார்.

அப்போதுதான் லொறிக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நானா! ஒங்க ஆளுங்க வழக்கத்துல மாப்பிள பொண்ணு வீட்டோட தானே வந்து இருப்பாரு? அப்ப இவரு கண்டிக்கு வராரு! நம்ம டீமுக்கு வராரு!"

அட! மைதானத்தில் ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள். எங்கள் பக்கம் குதித்தார்கள். பச்சைக்காரர்கள் பக்கம் ஒருவர் கொடியைக் கீழே போட்டுவிட்டு, "போகாதீங்க, நாங்க என்ன செய்யிறது!" என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த வருஷம் அவன் நான் தைத்த சிவப்பு ஜேர்சியைப் போட்டுக்கொண்டு ஆடினான். மெனேஜர் எங்கேயும் போகவில்லை. வாரா வாரம் என் கடைக்கு வந்து சிரித்துப் பேசினார். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி எவரும் பேசவில்லை, எனக்கும் மறந்து போய்விட்டது.

ஐந்து வருஷம் கழித்து அவருடைய இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக் கோட்டு எதிர்க்கடையில் தைக்கப்படுகிறதென்று கேள்விப்பட்டதும் எனக்கு இரத்தம் தலைக்கேறிவிட்டது. கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் குடைக்கடைக்குப் போனேன்.

"என்ட வெட்டுல என்ன குறை நானா? சொல்லுங்க!"

"ஒரு குறையுமில்ல தம்பி. ஒங்கட வெட்டு கண்டியில எவனுக்கும் வராது."

"அப்ப ஏன்?"

அவர் கையிலிருந்த குடைக் கம்பியைக் கீழே வைத்தார். "அண்டைக்கு வாசல்ல நீங்க சத்தம் போட்டதெல்லாம் உள்ளுக்கு மகளுக்குக் கேட்டிச்சு. இனி சம்பந்தம் முறிஞ்சிரும், ஊரு என்னயத்தான் குறை சொல்லும்டு அழுதழுது, மாப்பிள ஊட்டார் மெச்சுக்கு வந்து சரின்னு சொல்ற வரைக்கும் புள்ள ஒரு வாய் சோறு திங்கல்ல. இளையவளுக்கும் அப்பிடி ஆகக் கூடாது பாருங்க." கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

நான் கடைக்குத் திரும்பி வந்தேன். மேசையில் இரண்டு சின்னச் சட்டைகள் வெட்டிக் கிடந்தன. பெருநாளுக்கு, அந்த மூத்த மகளின் பிள்ளைகளுக்கு. வருஷா வருஷம் அவளே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டி வருவாள், நான் அளவெடுத்து முடியும் வரை வாசலில் நிற்பாள், "போய்ட்டு வாறன் நானா" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒரு தடவைகூட அவள் அதைப் பற்றி என்னிடம் வாய் திறந்ததில்லை.