ஆதாரம் கேட்ட மனிதர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரக் கணிதப் பிரிவு என்று ஒன்று பெயருக்கு இருக்கிறது. சில வருடங்களில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருப்பார்கள், சில வருடங்களில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அங்கேதான் நான் கணிதம் படிப்பிக்கிறேன். கற்பிட்டிக் குடாநாட்டில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக உள்ள ஊர். ஆசிரியர் அறையில் கதை என்றால் ஆலங்குடாப் பக்கம் காணி என்ன விலை போகிறது, யாருக்கு இடமாற்றம் வந்திருக்கிறது, யாருடைய மகன் கட்டாருக்குப் போனான் என்பதுதான். ஒரு நல்ல கணக்கைக் காட்டினால் "அடடா" என்று சொல்ல ஆள் இல்லாமல் வருடக்கணக்கில் இருப்பதும் ஒருவகைப் பசிதான். அந்தப் பசியோடுதான் நான் இணையத்தில் அந்தக் குழுவில் போய்ச் சேர்ந்தேன்.

தமிழில் அறிவியலும் கணிதமும் பேசுகிற குழு. உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் வந்து சண்டை பிடிப்பார்கள். பெயருக்குப் பதிலாக நான் ஒரு கணிதக் குறியை வைத்திருந்தேன், முகத்துக்குப் பதிலாகக் கடல். என் மாணவர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

ஒருநாள் யாரோ ஒரு கேள்வி போட்டிருந்தார். காற்றால் மட்டும் ஓடுகிற படகு, அந்தக் காற்றை விட வேகமாகப் போக முடியுமா? முடியவே முடியாது என்று கனடாவில் இருந்து ஒருவர் எழுதினார். பொறியியலாளர். சக்திக் காப்பு விதிக்கே அது முரண் என்று நீளமாக விளக்கியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், காற்றுக் காலத்தில் நான் தினமும் பார்க்கிற காட்சி அது. ஆலங்குடாக் கரையில் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தை ஏற்றி, அதன் இழுப்பில் பலகை மேல் நின்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவார்கள். காற்றுக்குக் குறுக்காகப் போகும்போது காற்றையே முந்துவார்கள். நான் அதைப் படம் பிடித்து, அம்புக்குறிகள் வரைந்து, விசைகளைப் பிரித்துக் காட்டினேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. சில நாட்கள் இழுபட்ட பிறகு ஒரு காலையில் அவர் எல்லார் முன்னாலும் எழுதினார்:

"பிழை என்ர பக்கம். தம்பி சொன்னதுதான் சரி. நான் அவசரப்பட்டிட்டன்."

மனைவி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். போனை அவரிடம் நீட்டினேன்.

"அவர் பிழையெண்டு ஒத்துக்கிட்டதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டார்.

"ஓம், அதுக்குத்தான்" என்றேன். தான் பிழை என்று சபையில் சொல்லக்கூடிய ஒரு பெரிய மனிதரை நான் அதுவரை கண்டதில்லை.

அன்று தொடங்கியது பழக்கம். நான் விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டுத் தேத்தண்ணியோடு இருக்கும் நேரத்தில், அங்கே அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார். நேரம் எப்படி வளைகிறது, முடிவிலிகளில் சிறிது பெரிது உண்டா, பகா எண்களுக்கு ஒழுங்கு இருக்கிறதா என்று கதைப்போம். அவர் என்னைத் தம்பி என்பார், நான் அண்ணன் என்பேன். எங்களோடு இருக்கும் உம்மாவுக்கும் அவர் பழக்கமாகிவிட்டார். "உன்ட கனடாக்காரன் இண்டைக்கு என்ன சொல்லுறான்?" என்று பல்துலக்கிக்கொண்டே கேட்பார்.

"தம்பி எந்த ஊர்?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"புத்தளம் மாவட்டம்."

"உடப்போ? உடப்பில எனக்கொரு கூட்டாளி இருந்தவன்."

"இல்லை அண்ணன், இன்னும் மேலே. கற்பிட்டிப் பக்கம்."

தான் யாழ்ப்பாணம் என்றார். நானும் பிறந்தது அங்கேதான் என்று எழுத விரல் போனது. அதற்குள் அவர் அடுத்த புதிரைப் போட்டுவிட்டார். கதை அதிலே போய்விட்டது.

கணிதத்தில் இருந்து அரசியலுக்கு வந்தது எப்போது என்று ஞாபகம் இல்லை. முதலில் உக்ரைன். பிறகு காஸா. அரசியலிலும் அவர் அப்படித்தான், ஆதாரத்தோடு பேசுவார், ஆத்திரப்பட மாட்டார். ஆனால் காஸா பற்றி எழுதும்போது அவருடைய தமிழே மாறிவிடும். பழைய வீட்டுச் சாவியை இன்னும் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிகிற ஒரு கிழவரின் படத்தைப் போட்டு அவர் எழுதியதை நான் மனைவிக்கும் உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஊரைவிட்டு விரட்டப்பட்டவனுக்கு அவன் வீடு என்றைக்கும் சொந்தம், அதற்குக் காலக்கெடு கிடையாது என்று எழுதியிருந்தார். உம்மா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

நான் அந்தப் பதிவுக்குக் கீழே எழுதினேன். "நூற்றுக்கு நூறு உண்மை அண்ணன். எனக்குத் தெரியும். எங்களையும் சின்ன வயதில் வீட்டை விட்டு விரட்டினார்கள்."

"ஆர் விரட்டினது? ஆமியோ?"

"இல்லை. இயக்கம். தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில். நாங்கள் முஸ்லிம்கள்."

அவர் எழுதினார்: "ஓ. நல்லாத் தமிழ் எழுதுறீங்கள், அதால நான் அப்பிடி நினைக்கேல்லை."

உம்மா என்னோடு வேறு எந்த மொழியிலும் பேசியதில்லை. வாப்பா கடைசி மூச்சில் தண்ணீர் கேட்டதும் இந்த மொழியில்தான். அதை எழுதுவதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். இவ்வளவு காலமும் பெயரை ஒளித்து வைத்திருந்தது இதற்குத்தானா என்று ஒருவர். உங்கட ஆக்கள் காட்டிக்கொடுத்ததை முதலில் எழுதுங்கோ என்று இன்னொருவர். அது பாதுகாப்புக்காகச் செய்த தற்காலிக ஏற்பாடு என்று ஒருவர். ஒரேயொரு பெண், "இவர் சொல்வது உண்மை, என் அம்மா அழுது அழுது சொல்லியிருக்கிறார்" என்று எழுதினார். பிற்பாடு பார்த்தபோது அதை அவரே அழித்திருந்தார்.

நான் கனடாக்காரரைத்தான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்தார்.

"நண்பரே, உணர்ச்சியை ஒருபக்கம் வைச்சிட்டுக் கதைப்பம். ஆர் உத்தரவு குடுத்தது, எத்தினை பேர் போனது, விரும்பிப் போன ஆக்கள் எத்தினை பேர், எல்லாத்துக்கும் ஆதாரம் வேணும். ஒருத்தரின்ர சின்ன வயசு ஞாபகம் ஆதாரம் இல்லை. கணக்குத் தெரிஞ்ச உங்களுக்கு இது விளங்கும்."

தம்பி என்ற சொல் போயிருந்தது.

நான் கட்டுரைகளைத் தேடிப் போட்டேன். ஒருபக்கச் சார்பு என்றார். அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தியைப் போட்டேன். யார் நடத்திய பத்திரிகை என்று கேட்டார். கடைசியில் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். எல்லாரையும் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். ஊரைவிட்டுப் போகும் வழியில் நிறுத்திச் சோதித்தார்கள். உம்மாவின் காதில் இருந்த தோட்டைக் கழற்றியது என்னை விட நாலைந்து வயது கூடிய ஓர் இயக்கப் பெண்பிள்ளை. கழற்றத் தெரியாமல் இழுத்தாள். "மகள், நோகுது, நானே கழட்டித் தாறன்" என்றார் உம்மா. அந்தப் பிள்ளை "சரி அம்மா" என்று கையை எடுத்தாள். இதுதான் எனக்கு ஞாபகம். இதற்கு நான் எங்கே போய் ஆதாரம் எடுப்பது?

"இது கதை" என்று யாரோ கீழே எழுதினார்கள். கனடாக்காரர் அதற்கு விருப்பக்குறி போட்டிருந்தார்.

சாவியோடு நின்ற கிழவரிடம் அவர் ஆதாரம் கேட்கவில்லை. அந்தக் கிழவருக்காக அழுதார். நானும் அவரோடு சேர்ந்து அழுதேன். என் உம்மாவுக்கு மட்டும் திகதியும் எண்ணிக்கையும் தேவைப்பட்டது.

இந்தச் சண்டையை யாரோ படம் எடுத்து அனுப்ப, அது சுற்றிச் சுற்றி எங்கள் ஆசிரியர் அறைக்கும் வந்துவிட்டது. முகப்பில் இருந்த கடலையும் ஐந்தாம் வகுப்புக் கதையையும் வைத்து அது நான்தான் என்று பிடித்துவிட்டார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஓர் ஆசிரியர், நல்ல மனிதர், என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"சேர், அந்த அகதிக் கதையை இனி விடுங்களேன். இங்க வீடும் கட்டிட்டீங்க. எங்கட ஊர்லயே கலியாணமும் முடிச்சிட்டீங்க. இன்னும் என்னத்துக்கு அதைக் கிளறுறீங்க?"

என் நன்மைக்குத்தான் சொன்னார். சிரித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்று கரும்பலகையில் எழுதிய கணக்கில் மூன்று இடத்தில் பிழை விட்டேன். ஒரு மாணவிதான் எழும்பிச் சொன்னாள்.

குழுவில் கடைசியாக ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "அண்ணன், நீங்கள் அப்போது யாழ்ப்பாணத்தில்தானே இருந்தீர்கள்? உங்கள் ஊரில் சில தெருக்கள் ஒரே பின்னேரத்தில் வெறுமையாகின. நீங்கள் காணவில்லையா?"

ஒரு கிழமை கழிந்திருக்கும். ஒரு காலை, வேறு யாரும் பார்க்க முடியாத தனிச் செய்தியாக அவருடைய பதில் வந்தது.

"தம்பி, கண்டனான். அந்தத் தெருவாலதான் சைக்கிளில பள்ளிக்கூடம் போறனான். கொஞ்ச நாள் எல்லா வீடும் திறந்தபடி கிடந்தது. பிறகு சாமானுகளை ஓரிடத்தில குவிச்சு வித்தாங்கள். அப்பா ஒரு அலுமாரி வாங்கிக்கொண்டு வந்தவர். கண்ணாடி வைச்ச அலுமாரி. அம்மா அதைத் தொடமாட்டன் எண்டவ. பிறகு பாவிச்சவதான். என்ர பாடப் புத்தகங்கள் எல்லாம் அதுக்குள்ளதான் இருந்தது."

திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வந்ததோ நன்றி. ஒருவன் கண்டேன் என்று சொன்னதற்கே நன்றி சொல்கிற நிலைக்கு நான் வந்திருந்தேன்.

"அண்ணன், இதைக் குழுவில் எழுதுங்கள்" என்று எழுதினேன். "அலுமாரிக் கதை வேண்டாம். கண்டேன் என்று ஒரு சொல் போதும்."

"ஏலாது தம்பி. இஞ்ச எங்களுக்கு ஆக்கள் இருக்கினம். என்ர பிள்ளையள் இந்த ஆக்களுக்குள்ளதான் வளருதுகள். உங்களுக்கு விளங்கும்."

"காற்றுக் கணக்கில் எல்லார் முன்னாலும் பிழை என்று சொன்னீர்களே."

"அது கணக்கு."

"அப்படியென்றால், என்னிடம் ஆதாரம் கேட்டு எழுதியதையாவது அழித்துவிடுங்கள்."

வாசித்துவிட்டார் என்று அடையாளம் காட்டியது. அவர் ஆதாரம் கேட்ட வரிகள் அப்படியே இருந்தன. விருப்பக்குறிகள் கூடிக்கொண்டே போயின. நடுநிலையான ஆள் என்று அவரைப் பலர் பாராட்டியிருந்தார்கள்.

இரண்டு நாளில் அவர் புதிய புதிர் ஒன்று போட்டார். நிகழ்தகவுக் கணக்கு. அழகான கணக்கு என்பதை மறுக்க முடியாது. தலைக்குள் விடை தானாக ஓடியது. ஆட்கள் வழக்கம்போலக் கூடி அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கீழே நான் ஒரே வரி எழுதினேன்.

"அண்ணன், அந்த அலுமாரி இப்போது யார் வீட்டில் இருக்கிறது?"

பள்ளிக்கூடம் போய்ப் போனைப் பார்த்தபோது அவருடைய பெயரையே குழுவில் காணவில்லை. என்னைத் தடுத்துவிட்டார். மத்தியானம் குழுவை நடத்துகிறவர்களிடமிருந்து அறிவித்தல் வந்திருந்தது. தனிநபர் தாக்குதல், சம்பந்தமில்லாத அரசியல். இரண்டுக்குமாகச் சேர்த்து என்னை நீக்கியிருந்தார்கள். நான் எழுதிய கணக்குகள், வரைந்த படங்கள், ஆலங்குடாக் கடல், ஒன்றையும் இனி என்னால் பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்தபோது உம்மா முற்றத்தில் சட்டியோடு இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"கனடாக்காரன் என்ன சொல்லுறான்? கொஞ்ச நாளாக் கதையைக் காணேல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். சண்டை பற்றிச் சொன்னபோது தலை நிமிரவில்லை. அலுமாரி என்றதும் கத்தியை வைத்துவிட்டார்.

"கண்ணாடி வைச்சதாமா?"

"ஓம்."

"ஒத்தைக் கதவிலயா, ரெண்டிலயுமா? நம்மடது ஒத்தைக் கதவில. கீழ் மூலையில வெடிப்பொண்டு இருக்கும். உன்ட ராத்தா, மூத்தவள், பந்தடிச்சு வெடிச்சது. கேட்டுச் சொல்லு மகன்."

"கேக்க ஏலாது உம்மா. அவர் என்னைத் தடுத்துப்போட்டார்."

"தடுத்துப்போட்டாரெண்டா?"

"இனி நான் எழுதுறது ஒண்டும் அவருக்குப் போகாது."

"வேற யாரையும் பிடிச்சுக் கேக்க ஏலாதா? சண்டைக்கு இல்ல மகன். திருப்பித் தரவும் வேணாம். நம்மடதாண்டு தெரிஞ்சாப் போதும்."

அந்தக் கிழமை முழுவதும் இதையே கேட்டார். தேத்தண்ணி தரும்போது கேட்டார், நான் சேட்டுப் போடும்போது கேட்டார். வெடிப்பு எந்தப் பக்கம் என்பது கூட அவருக்குப் பிறகு பிறகு தெளிவாக ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்து சாப்பிட இருந்தபோது மறுபடியும் தொடங்கினார். நான் கத்திவிட்டேன்.

"அது ஒரு அலுமாரி உம்மா! வெறும் அலுமாரி! அவனிட்ட இனி ஒண்டும் கேக்க ஏலாது!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு, ஆணத்தை ஊற்றி, என் பக்கம் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் அலுமாரியைப் பற்றிக் கேட்கவே இல்லை.