நாற்பதுக்குப் பின்னால் ஒரு எஸ்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினம் பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். லாரியில் ஏற்றும் நூலுக்குக் கம்ப்யூட்டரில் சீட்டு அடிக்க, பாஸ்கல் மொழியில் புரோகிராம் எழுதுவது என் வேலை. அது ஒழுங்காக ஓடினால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

புரோகிராமின் பெயரை அடித்து, ஓர் இடம் விட்டு, கவுண்ட்டை அடித்தால் போதும். கவுண்ட் என்றால் நூலின் சன்னத்தைச் சொல்லும் எண். பாஸ்கலோ மகா ஆசாரம் பிடித்தது. எழுத்தையும் எண்ணையும் ஒரே பந்தியில் உட்காரவிடாது. நாம் அடிப்பது எதுவானாலும் அதற்கு முதலில் எழுத்துதான். அதை எண்ணாக மாற்றும்போது ஒற்றை எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் முடியாது என்றுவிடும். அப்படி முடியாமல் போனாலும், மில்லில் நூற்காத கவுண்ட்டாக இருந்தாலும், 'ராங் கவுண்ட்' என்று திரையில் காட்டும்படி எழுதியிருந்தேன்.

மில்லில் யாரும் வெறும் 40 என்று எழுத மாட்டார்கள். 40s என்றுதான் எழுதுவார்கள்.

"அண்ணாச்சி, எஸ் வேண்டாம், நம்பர் மட்டும் அடிங்க" என்று சீட்டு அடிக்கும் டெஸ்பாட்ச் கிளார்க்கிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"அம்புட்டு பேரும் எஸ் போட்டுத்தாம்மா எழுதுதோம். இல்லாட்டி மொட்டையா இருக்கும்லா."

நூல் வாங்க வந்த வியாபாரி பக்கத்தில் நிற்க, கிளார்க் எஸ் போட்டே அடித்தார். ராங் கவுண்ட் என்றது திரை.

வியாபாரிக்கு அந்த இரண்டு வார்த்தை போதாதா? "கேட்ட கவுண்ட் இல்லையாமே! கம்ப்யூட்டரே சொல்லுது. லோடை இறக்குங்க."

நூலில் குறையில்லை, அடித்ததுதான் தப்பு என்று தொண்டை வறளக் கத்தினேன். யார் கேட்டார்கள்? முதலாளி நூலைச் சோதித்துக் காட்டி லாரியை அனுப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

"இன்னொரு தடவை அது என் நூலைக் குறை சொல்லட்டும். பொறவு அதுவும் இங்க இருக்காது, நீயும் இருக்க மாட்ட" என்றார்.

எரிச்சல் தாங்கவில்லை. அடிப்பதில் கடைசி எழுத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை எண்ணாக மாற்றும்படி திருத்தினேன். எஸ்ஸும் போச்சு, தொல்லையும் போச்சு. அதோடு விட்டேனா? ஓர் எழுத்தை விட மனசு வராதா என்று கிளார்க்கையும் ஒரு பிடி பிடித்தேன்.

அடுத்த லோடுக்கு அதே வியாபாரி வந்தார். கிளார்க் என்னைப் பார்த்துக்கொண்டே, பயபக்தியாக, எஸ் இல்லாமல் 40 என்று அடித்தார். புரோகிராம் கடைசியில் இருந்த சைபரை வெட்டியது. மிஞ்சியது 4. எங்கள் மில்லில் நாலாம் நம்பர் நூலே கிடையாது.

ராங் கவுண்ட்.

"நீ சொன்னபடிதானம்மா அடிச்சேன்" என்றார் கிளார்க். நான் டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நடந்தேன்.